சந்தனம் பூசிய கவர்

தீர்த்தகிரிக்கு எதையும் கடைசி வரி வரை படிக்கும் பொறுமை கிடையாது. கம்ப்யூட்டர்காரர் என்று பெயர் எடுத்தவருக்கு இப்படி ஒரு குறை இருக்கலாமா என்று கேட்டால், இருந்தது, அவ்வளவுதான். மருந்து டப்பாவின் ஓரத்தில் இருப்பது, ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் இருப்பது, பேங்க் பாரத்தின் அடியில் இருப்பது, எதையும் அவர் பார்த்ததில்லை. "முக்கியமானதா இருந்தா மேலயே பெருசா போட்டிருப்பானுங்க" என்பார். அந்த நினைப்பு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டுக்காரருக்கு மூன்றாவது பிள்ளை. தருமபுரியில் பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு, பெங்களூருக்குப் போய் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதினார். அப்பா படுத்த படுக்கையானதும் ஊருக்கு வந்தார். வந்த நேரம், நிலக்கடலை விவசாயிகளுக்காக தருமபுரியில் நடந்துகொண்டிருந்த ஒரு சங்கத்துக்கு ஏதோ வெளிநாட்டு உதவியில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதை என்ன செய்வது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. 1985-இல் தீர்த்தகிரி அந்த வேலையில் சேர்ந்தார். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏசி போட்டிருந்ததால் ஆபீசில் அவருக்கு 'ஏசி சார்' என்று பெயர் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் எல்லோரும் போனார்கள்.

சங்கத்தின் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விவசாயி மூட்டையைக் கொண்டுவருவார், நிறுப்பார்கள், ஒரு எடைச்சீட்டு கொடுப்பார்கள். பெயர், ஊர், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, சாக்குக்கு எவ்வளவு கழித்தது, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தது, எல்லாம் அதில் இருக்கும். சீட்டைத் தமிழ் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுப்பவள் ராஜமேரி. கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்துப் பெண். இருபத்து நான்கு வயது, தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், தற்காலிக வேலை. அறுவடை மாதங்களில் அவள் மேஜைக்கு முன்னால் நிற்கும் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் கணக்கை ஒரு நொடியில் போட்டுவிடும். ஆனால் பிரிண்டருக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். செயலாளர் முனியப்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "வேகமா வருதுங்கறீங்க, சரிங்க. தமிழ்ல வரலீன்னா நம்ம ஆளுக்கு அது என்னத்துக்கு ஆவும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிரிண்டர் எழுத்தை எழுதுவதில்லை, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்துகிறது, எங்கே குத்துவது என்று சொல்லிக் கொடுத்தால் எந்த எழுத்தையும் குத்தும் என்று ஒருநாள் டீ நேரத்தில் தீர்த்தகிரி ராஜமேரிக்கு விளக்கினார். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். மறுநாள் அவள் ஒரு கிராஃப் நோட்டோடு வந்தாள். முதல் பக்கத்தில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பி 'அ' போட்டிருந்தாள்.

"இப்பிடிங்களா சார்?"

தீர்த்தகிரி கட்டங்களை எண்ணி, எண்களாக மாற்றி, மிஷினில் ஏற்றினார். பிரிண்டர் கரகரத்தது. காகிதத்தில் 'அ' இருந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் அது 'அ' தான். ஆபீஸ் உதவியாளர் பெரியண்ணன் எட்டிப் பார்த்து, "அட, நம்ம அ-ங்க!" என்று கத்தினார். அன்றைக்கு மூன்று பேரும் அந்தக் காகிதத்தை மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ராஜமேரி வீட்டிலும் பஸ்ஸிலும் கட்டம் நிரப்பினாள். ஒரு எழுத்து சரியாக வர நாலைந்து தடவை அழித்துப் போட வேண்டியிருந்தது. 'ழ' அவளைப் படாத பாடு படுத்தியது. கீழே வளைந்து சேரும் இடத்தில் மை கசிந்து அப்பிக்கொண்டது. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் சேரும் இடத்தில் ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள். கண்ணுக்குச் சேர்ந்த மாதிரியே தெரிந்தது, மையும் அப்பவில்லை. "இது எனக்குத் தோணவே இல்லையேம்மா" என்று தீர்த்தகிரி மனசாரச் சொன்னார். அவள் முகம் அன்றைக்கெல்லாம் மலர்ந்திருந்தது.

1986 செப்டம்பர் கடைசியில் பாதி எழுத்துகள் முடிந்திருந்தன. இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்றாள். அறுவடையோ தலைக்கு மேல் வந்துவிட்டது. செயலாளர் தினமும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு பத்திரிகையில் தீர்த்தகிரி விளம்பரம் ஒன்றைப் பார்த்தார். பெங்களூர்க் கம்பெனி ஒன்று, தமிழ் எழுத்து முழுவதும் அடங்கிய பிளாப்பியைத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு விற்றது. மிஷினில் ஏற்றிவிட்டால் போதும், அன்றைக்கே தமிழில் அச்சடிக்கலாம்.

சங்கத்துக்குத் தொள்ளாயிரம் பெரிய தொகை இல்லை. தவிர, பெங்களூரில் வேலை பார்த்த ஆளுக்குக் கம்பெனி சரக்கு என்றால் ஒரு மரியாதை. பென்சிலில் போட்ட கிராஃப் நோட்டு எங்கே, அச்சடித்த கவரில் வரும் பிளாப்பி எங்கே!

ஆர்டர் கடிதத்தை ராஜமேரியிடமே டைப் அடிக்கச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தமிழ் எழுத்து பிளாப்பி என்ற வரி வந்தபோதுதான் விஷயம் அவளுக்குப் புரிந்தது. கை நின்றது.

"அப்ப நம்ம நோட்டு வேண்டாங்களா சார்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. இப்ப அவசரத்துக்கு இதை வாங்கிப் போட்டுடலாம். ரெடிமேடு இருக்கறப்ப நாம எதுக்குக் கஷ்டப்படணும்?"

அவள் மீதிக் கடிதத்தை ஒரு பிழையில்லாமல் அடித்து, கையெழுத்துக்கு நீட்டினாள்.

பார்சல் சரியாக ஆயுத பூஜை அன்றைக்கு வந்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? பெரியண்ணன் தராசுக்கும் டைப்ரைட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, பொரி கடலை பரப்பித் தயாராக வைத்திருந்தார். பிளாப்பி ஒரு கெட்டிக் கவருக்குள் இருந்தது. அதன் வாயை மூடி ஒரு முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. கவரின் முன்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாக இங்கிலீஷ். தீர்த்தகிரி அதைக் கம்ப்யூட்டர்மேல் சாய்த்து வைத்து, மூன்று விரலால் சந்தனத்தை அள்ளிக் கவரின் முன்பக்கத்தில் பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமம். செயலாளர் தன் பங்குக்கு இன்னொரு பட்டை இழுத்தார்.

ராஜமேரி ஓரமாக நின்றிருந்தாள். "சார், கவர்மேல என்னமோ நெறைய எழுதியிருக்குதுங்க. படிச்சுட்டு ஒடைங்களேன்" என்றாள்.

"இன்னும் பத்து நிமிஷத்துல ராகுகாலம் வந்துரும்மா. ஒடைச்சுட்டுப் படிச்சுக்கலாம்."

கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பிளேடால் முத்திரையைக் கிழித்து பிளாப்பியை எடுத்தார். சந்தனம் காய்ந்து எழுத்தின்மேல் அப்பிக்கொண்டது. பூஜையில் வைத்த பொருளைக் குப்பையில் போடலாமா? பெரியண்ணன் காலிக் கவரை பக்தியோடு லட்சுமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அது அங்கேயே இருந்தது.

அந்த அறுவடையில் தமிழ்ச் சீட்டு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஜனங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வரும் சின்னம்மாள் என்ற அம்மாள், புருஷனை இழந்து தனியாக வெள்ளாமை செய்பவர், மூன்றாம் வகுப்புவரை படித்தவர். சீட்டை வாங்கி அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு நேராக ஏசி அறைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, சாக்குக்கு மேலயும் கழிச்சிருக்குது, கீழயும் கழிச்சிருக்குது. சாக்கு என்ன ரெண்டு தடவையா தூக்கி வெச்சாங்க?"

தீர்த்தகிரி பார்த்தார். புரோகிராமில் தப்பு. தன் தப்பு. உடனே திருத்தி, அன்றைக்கு வந்த எல்லோருக்கும் சீட்டை மாற்றிக் கொடுத்தார். "நல்லவேளை நீங்க படிச்சீங்க ஆத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சீட்டு தமிழில் இருக்க வேண்டியதன் அருமை அன்றைக்குத்தான் அவருக்கே புரிந்தது.

அடுத்த மார்ச்சில் ராஜமேரிக்கு வேலை போயிற்று. சீட்டு அடிக்கத்தான் அவளை வைத்திருந்தார்கள், இப்போது சீட்டை மிஷின் அடிக்கிறது. இப்படி ஆகும் என்று தீர்த்தகிரிக்கு ஒரு நிமிஷம்கூட தோன்றவில்லை என்றால் நம்புவது கஷ்டம், ஆனால் தோன்றவில்லை. அவள் கிராஃப் நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செயலாளரிடம் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஒரு வருஷம் முடிந்த மறுநாள் பிரிண்டர் தமிழை விட்டுவிட்டது. கம்பெனியைத் தொடர்பு கொள்ளவும் என்று இங்கிலீஷில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்தது. டிரங்கால் போட்டுக் கேட்டால், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். சந்தாபோல ஏதோ என்று நினைத்து, செயலாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பணம் அனுப்பினார். அப்போதாவது கவரை எடுத்துப் பார்த்தாரா? இல்லை.

1988-இல் அதே வெளிநாட்டு உதவியில் ஏரியூர், கம்பைநல்லூர், பாப்பாரப்பட்டி மூன்று கிளைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. விவசாயிகள் தருமபுரி வரை மூட்டை ஏற்றி வர வேண்டாம். தீர்த்தகிரி தன் புரோகிராமைத் தமிழ் எழுத்தோடு சேர்த்து மூன்றிலும் காப்பி போட்டார். அது தப்பு என்றே அவருக்குத் தெரியாது. தெரியாததற்கு அத்தாட்சி என்னவென்றால், ஏரியூர் மிஷினில் எழுத்து சரியாக வராதபோது அவரே அதே கம்பெனிக்கு போன் போட்டு, "எங்க ஏரியூர் மிஷின்ல மட்டும் தகராறு பண்ணுதுங்க, மத்த மூணுலயும் நல்லா வருதுங்க" என்று வெள்ளந்தியாகச் சொன்னார்.

பத்தாம் நாள் வக்கீல் கையெழுத்தோடு கடிதம் வந்தது. கவரின் முகப்பில் அச்சிட்டுள்ள நிபந்தனை மூன்று, ஐந்து, ஒன்பது ஆகியவற்றை மீறிவிட்டீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

தீர்த்தகிரி லட்சுமி படத்துக்குப் பின்னாலிருந்து கவரை உருவினார். ஈரத்துணியால் சந்தனத்தை மெல்லத் துடைத்தார். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாக வெளியே வந்தது. முத்திரையைக் கிழித்தால் இதையெல்லாம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இந்த லைசென்ஸ் ஒரு மிஷினுக்கு மட்டும். ஒவ்வொரு கூடுதல் மிஷினுக்கும் தனி லைசென்ஸ், அன்றைய விலையில், வருஷா வருஷம். எழுத்துகளை எடுத்து வேறு எதிலும் சேர்க்கக் கூடாது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஒருவரும் ஒளித்து வைக்கவில்லை. ஒளித்தது அவருடைய மூன்று விரல்கள்தான். அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

அன்றைய விலை நாலு மடங்கு ஆகியிருந்தது. செயலாளர் முனியப்பன் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. "ஹெட் ஆபீஸ்ல மட்டும் தமிழ் இருக்கட்டுங்க. கிளையில இங்கிலீஷே வரட்டும். ஆராவது படிச்சுச் சொல்லிக்குவாங்க" என்று முடித்துவிட்டார். அன்றைக்குத் தமிழ் வராததற்காகக் குறுக்கே நின்றவர் இவர்தான்.

அந்த அறுவடை முழுவதும் மூன்று கிளையிலும் இங்கிலீஷ் சீட்டு போயிற்று. 1989 பிப்ரவரியில் சின்னம்மாள் பஸ் ஏறி தருமபுரிக்கு வந்தார். மடியிலிருந்து நாலு சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எடை கம்மியா வருதுன்னு ஏரியூர்ல கேட்டா, மிஷின் பொய் சொல்லுமாங்கறாங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

படித்தார். ஏரியூர் மிஷினை இங்கிலீஷுக்கு மாற்றியபோது அவர் விட்ட பிழையால், ஈரத்துக்கு இரண்டு தடவை கழிந்திருந்தது. முதல் மூட்டையிலிருந்து கடைசி மூட்டை வரை, ஒரு அறுவடை முழுக்க. முந்நூறு பேருக்குமேல் அங்கே போட்டிருந்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"என் தப்புதாங்க ஆத்தா" என்றார்.

"தப்பு எல்லாருந்தான் பண்றாங்க. சீட்டு எனக்குப் படிக்க வந்திருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேனுங்களே. போன தடவை கேட்டேனா இல்லீங்களா?" என்றார் சின்னம்மாள். "இனிமே நான் வியாபாரிகிட்டயே போட்டுக்கறேனுங்க. அவன் ஏமாத்தறது எனக்குக் கண்ணுக்குத் தெரியுது."

விட்டுப்போனதைச் சங்கம் பிறகு எல்லோருக்கும் சரிசெய்து கொடுத்தது. ஆனால் சின்னம்மாள் திரும்பி வரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் பலர் நின்றுவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஹெட் ஆபீஸ் மிஷினுக்குக் கம்பெனி புதிய பதிப்பு பிளாப்பி ஒன்றை அனுப்பியது. எழுத்துகள் இன்னும் தெளிவாக மாற்றப்பட்டிருக்கின்றன என்று ஒரு தாளும் கூட வந்தது. இந்தத் தடவை தீர்த்தகிரி தாளையும் கவரையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் உடைத்தார். எல்லா எழுத்தையும் வரிசையாக அச்சடித்துப் பார்த்தார். உண்மையிலேயே அழகாக இருந்தது. 'ழ' வந்ததும் காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். கீழே வளைந்து சேரும் இடத்தில் ஒரு புள்ளி இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு புள்ளி.

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டுக் கம்பைநல்லூருக்கு பஸ் ஏறினார்.

ராஜமேரி அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகியிருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், வூட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று நாற்காலி போட்டாள். அவளுக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் காகிதத்தை நீட்டினார். அவள் பார்த்தாள், சிரித்தாள்.

"கண்டுபுடிச்சுட்டீங்களா? வேலை போனப்பறம் சும்மாதான சார் இருந்தேன், மீதியையும் முடிச்சேன். அந்தக் கம்பெனி அட்ரஸ் நான்தான டைப் அடிச்சேன், மனசுலயே நின்னுருச்சு. எழுதிப் போட்டேன். கூப்பிட்டுப் பார்த்தாங்க, புடிச்சுப் போச்சு. மொத்தமா ஒரு தொகை குடுத்தாங்க. அதோட சரி."

"ஒரு மிஷினுக்கு இவ்வளவுன்னு வருஷா வருஷம் எங்ககிட்ட வாங்கறாங்களேம்மா. உங்களுக்கு அதுல ஒண்ணும் வராதா?"

"இல்லீங்க சார்."

முதல்முறையாக அவளை 'நீங்க' என்று கூப்பிட்டிருந்தார். அதை அவள் கவனித்தாளா தெரியாது. தீர்த்தகிரி சின்னம்மாள் கதையைச் சொன்னார், முந்நூறு பேர் சீட்டைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னொரு செட்டு போட்டுத் தர முடியுங்களா? கொஞ்சம் வேற மாதிரி இருந்தாலும் பரவாயில்ல. நாலு மிஷினுக்கும் நாமளே போட்டுக்கலாம். சங்கத்துல சம்பளம் வாங்கித் தர்றது என் பொறுப்பு."

ராஜமேரி தலையை ஆட்டினாள். "முடியாதுங்க சார். இனிமே வேற ஆருக்கும் எழுத்து வரைஞ்சு தர மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறேன். எங்க கோயில் திருவிழா நோட்டீசுக்கு ஃபாதர் கேட்டார், அதுக்கே முடியாதுன்னுட்டேன்."

"அதை நீங்க படிக்கலீங்களா?" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"படிச்சேன் சார். ஒரு வரி விடாம படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன். அப்ப என் எழுத்து வேணும்னு கேட்டவங்க அவங்க ஒருத்தர்தாங்க."

வகுப்பில் பத்து மிஷின்கள் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தன. அவர் கிளம்ப எழுந்தபோது அவள் கேட்டாள்.

"சார், இந்தக் காகிதத்தை நான் வெச்சுக்கட்டுங்களா? நோட்டெல்லாம் அவங்களே வாங்கிக்கிட்டாங்க. அச்சுல எப்பிடி வந்துச்சுன்னு இன்னைக்குத்தான் மொதல்ல பார்க்கறேனுங்க."

பெங்களூர்க்காரர்களுக்கு அவள் தன் எழுத்துகளை ஒரு தடவை விற்றாள். தருமபுரியில் அதை ஓசியில் கொடுக்க வந்தபோது, ராகுகாலத்துக்குப் பயந்த ஒரு மனுஷன் வேண்டாம் என்றார். அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஏரியூர் கிளையில் அதற்குப் பிறகும் இங்கிலீஷ் சீட்டுதான். சந்தை நாளில் மட்டும் தருமபுரியிலிருந்து ஏசி சார் பஸ்ஸில் வந்து இறங்குவார். பிரிண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் பெயரையும் எடையையும் கழிவையும் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுப்பார். அவர் கையெழுத்து மோசம். எழுதி முடித்ததும் சீட்டை நீட்டி, "ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க, அவசரமில்ல" என்பார். அவர்கள் படித்து முடிக்கும்வரை அடுத்த சீட்டைத் தொட மாட்டார்.